ஆக்சிஜன் பாட்டிலில் என்ன தண்ணீர்?

சின்ன காஞ்சிபுரத்தில் வரதராஜப் பெருமாள் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் தறி வைத்திருப்பவர்களுக்கு ஈரப்பதத்தின் அருமையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. காற்று வறண்டால் இழை அறும். தறிக்குழியின் குளிர்ச்சி பாவைக் காப்பாற்றும்.

மூச்சுக்குழாயும் அப்படித்தான். சிலிண்டரிலிருந்து வரும் ஆக்சிஜனில் துளி ஈரம் கிடையாது. அதை அப்படியே இழுத்தால் மூக்கும் தொண்டையும் காய்ந்து புண்ணாகும். அதற்காகத்தான் ஆஸ்பத்திரிக் கட்டிலருகே குமிழி விட்டுக்கொண்டிருக்கும் அந்தச் சின்னத் தண்ணீர் பாட்டில். ஹியூமிடிஃபயர் என்பார்கள்.

கொரோனா இரண்டாம் அலையின்போது, 2021-இல், இந்தப் பாட்டில் வீடுகளுக்குள்ளும் வந்தது. கறுப்புப் பூஞ்சை பரவியபோது நீரிழிவும் ஸ்டீராய்டும்தான் முதன்மைக் காரணங்களாகச் சொல்லப்பட்டன; ஆனாலும் பாட்டிலில் ஊற்றிய குழாய்த் தண்ணீர் மீதும் சந்தேகம் விழுந்தது. சந்தேகம் நியாயமானது. தேங்கிய தண்ணீரில் சூடோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்கள் எளிதாகப் பெருகும். அப்படியானால் இரண்டு சொட்டு கிருமிநாசினி விட்டுவிட்டால் என்ன என்று தோன்றுவது இயல்பு. தோன்றக்கூடாத எண்ணம் அதுதான்.

தென்கொரியா அதற்கு விலை கொடுத்தது. குளிர்காலத்தில் அறைக்காற்றை ஈரமாக்கும் கருவியின் தண்ணீரில் கலப்பதற்கென்றே அங்கே 1994 முதல் கிருமிநாசினி விற்றார்கள். குழந்தைகளுக்கும் பாதுகாப்பானது என்று விளம்பரம் வேறு. ஏறக்குறைய 1 கோடி புட்டிகள் விற்றன. 2006 முதலே சில குழந்தைகளின் நுரையீரல் இறுகிப்போவதை மருத்துவர்கள் வசந்த காலந்தோறும் கண்டார்கள். வைரஸாக இருக்குமோ என்று தேடினார்கள். 2011 வசந்தத்தில் சியோலின் ஆசான் மருத்துவமனைக்குக் கர்ப்பிணிகளும் பிள்ளை பெற்ற தாய்மார்களும் மூச்சுத்திணறலோடு அடுத்தடுத்து வந்த பிறகுதான் அரசு விசாரணையில் இறங்கியது. அந்த ஆகஸ்ட் 31 அன்று காரணம் அறிவிக்கப்பட்டது. கிருமியைக் கொல்ல வாங்கிய மருந்தே நோயைத் தந்திருந்தது.

முக்கியக் குற்றவாளி பி.எச்.எம்.ஜி. என்ற வேதிப்பொருள். தோலில் பட்டால் பெரிய தீங்கில்லை என்றே நம்பப்பட்டது. மூச்சில் போனால் என்ன ஆகும் என்று விற்பனைக்கு முன் யாரும் முறையாகச் சோதிக்கவில்லை. அறையை ஈரமாக்கும் அல்ட்ராசோனிக் கருவி தண்ணீரை ஆவியாக்குவதில்லை, மெல்லிய துளிகளாகச் சிதறடிக்கிறது. அதில் கரைந்திருப்பதெல்லாம் துளியோடு நுரையீரலின் கடைசிக் கிளைவரை போய்விடும். அங்கே அழற்சி, பிறகு தழும்பு. தழும்பேறிய நுரையீரல் விரியாது. பாதிக்கப்பட்டதாக அரசிடம் பதிந்துகொண்டவர்கள் 7,000 பேருக்கு மேல். அவர்களில் இறந்தவர்கள் 1,500-ஐத் தாண்டும். அதிகம் விற்ற புட்டியின் உரிமையாளர் ரெக்கிட் பென்கைசர், நம் ஊரில் டெட்டால் விற்கும் அதே நிறுவனம். 2016-இல்தான் அது பொறுப்பேற்று மன்னிப்புக் கேட்டது. அதன் கொரியக் கிளையின் முன்னாள் தலைவர் சிறைக்குப் போனார்.

நாமும் அந்தப் பாதையில் சில அடி நடந்தவர்கள்தான். 2020 ஏப்ரல் தொடக்கத்தில் திருப்பூர் தென்னம்பாளையம் சந்தை வாசலில் கிருமிநாசினிச் சுரங்கம் அமைத்தார்கள். உள்ளே நடந்தவர்கள்மேல் சோடியம் ஹைப்போகுளோரைட் சாரலாக விழுந்தது. நல்ல எண்ணத்தில் செய்ததுதான். பல ஊர்கள் அதைப் பின்பற்றின. மனிதர்கள்மேல் கிருமிநாசினி தெளிக்கக் கூடாது, அது கண்ணையும் தோலையும் மூச்சுப்பாதையையும் புண்ணாக்கும் என்று மத்திய சுகாதார அமைச்சகம் அதே ஏப்ரல் 18 அன்று எச்சரித்தது. நவம்பர் 5-இல் உச்ச நீதிமன்றமும் தலையிட்டு, இத்தகைய சுரங்கங்களைத் தடுக்க உத்தரவிடுமாறு மத்திய அரசைப் பணித்தது.

தரையைத் துடைக்கவும் கருவியைக் கழுவவும் கிருமிநாசினி வேண்டும். அது இல்லாமல் ஆஸ்பத்திரி நடக்காது. பாட்டிலையும் கிருமிநாசினியில் ஊறவைக்கலாம். ஆனால் வாசனைகூட மிஞ்சாதபடி அலசி, நன்றாக உலர்த்திய பிறகே மாட்ட வேண்டும். உள்ளே ஊற்றுவது ஸ்டெரைல் வாட்டராக இருக்கட்டும். வீட்டில் அது கிடைக்காவிட்டால் டிஸ்டில்டு வாட்டரோ, கொதிக்கவைத்து ஆறிய நீரோ போதும். பழைய தண்ணீர்மேல் புதியதை ஊற்றாமல், முழுவதும் கொட்டிவிட்டு மாற்றுங்கள்.

உங்கள் வீட்டுப் பெரியவர் ஆஸ்பத்திரியில் ஆக்சிஜனில் இருந்தால், பாட்டிலில் என்ன தண்ணீர், எப்போது மாற்றினீர்கள் என்று நர்ஸம்மாவிடம் தயங்காமல் கேளுங்கள்.