வீடு எரிந்தது, ஃபைல் மறைந்தது: இன்சூரன்ஸ் கம்பெனியின் ‘க்ளெய்ம் ஃபைலை’ கேட்டு வாங்க முடியுமா?

வீட்டுக்கு இன்சூரன்ஸ் இருக்கு. தீ விபத்தில் வீடு எரிஞ்சுபோச்சு. ‘இவ்வளவுதான் தர முடியும்’ என்கிறது கம்பெனி. அந்தத் தொகையை எப்படி முடிவு பண்ணாங்க? அதற்கான பதில் இருக்கும் இடம்தான் ‘க்ளெய்ம் ஃபைல்’. அதைப் பாலிசிதாரர் பார்க்கலாமா? அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் இதற்காக உச்ச நீதிமன்றம் வரை போனார் ஒரு வீட்டுக்காரர்.

என்ன நடந்தது?

2006-ல் அவர் வீடு எரிந்தது. பெரும்பாலும் விபத்தாகத்தான் இருக்கும் என்றது தீயணைப்புத் துறை. ஃபார்மர்ஸ் இன்சூரன்ஸ் நியமித்த மதிப்பீட்டாளரே வீட்டுக்கு சுமார் 70,000 டாலர், பொருட்களுக்கு 35,000 டாலர் எனக் கணக்குப் போட்டார். ஆனால் கம்பெனி தர முன்வந்தது 30,000 டாலர். அதையும் 10 நாட்களுக்குள் ஏற்க வேண்டுமாம். வீட்டுக்காரர் வழக்குப் போட்டார், ஃபைலைக் கேட்டார். வந்ததோ, பல பகுதிகள் மறைக்கப்பட்ட ஃபைல்!

கம்பெனி சொன்ன காரணம் என்ன?

‘வழக்கறிஞருடன் பேசியது ரகசியம்.’ பொதுவாக இது சரியான வாதம்தான். ஆனால் இங்கே ஒரு சிக்கல். வீட்டுக்காரரிடம் சத்தியப் பிரமாணத்தின் பேரில் விசாரணை நடத்தியது, 30,000 டாலர் கடிதத்தை அனுப்பியது எல்லாமே அந்த வழக்கறிஞர்தான். அதாவது, க்ளெய்ம் அதிகாரி செய்யவேண்டிய வேலையை அவர் செய்திருக்கிறார்.

தீர்ப்பு என்ன?

2013-ல் 5-க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. பாலிசிதாரரே தன் கம்பெனி நேர்மையாக நடக்கவில்லை எனத் தொடுக்கும் இதுபோன்ற வழக்கில், ரகசியம் இல்லை என்பதே தொடக்கநிலை. விசாரணை, மதிப்பீடு போன்ற வேலைகளை வழக்கறிஞர் செய்யவில்லை, கம்பெனியின் சட்டப் பொறுப்பு பற்றி ஆலோசனை மட்டுமே சொன்னார் என்றால், அதை நிரூபிக்க வேண்டியது கம்பெனிதான். அந்தப் பக்கங்களை நீதிபதி தனியாகப் படித்துப் பார்த்து முடிவெடுப்பார்.

எல்லா மாநிலத்திலும் இப்படியா?

இல்லை. புளோரிடாவில் நிலைமை வேற. ‘இந்தச் சேதத்துக்கு பாலிசி பொருந்துமா?’ என்ற வழக்கு முடியும்வரை பொதுவாக ஃபைல் கிடைக்காது. அது முடிந்து, கம்பெனியின் நேர்மையின்மை குறித்து வழக்கு வந்தால் கதவு திறக்கும். 2005-ல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் அதற்கு வழிவிட்டது.

அப்போ என்ன செய்யலாம்?

ஃபைலில் ஒரு பகுதியை மறைத்தால், எந்த ஆவணம், யார் எழுதியது, எந்தத் தேதி, ஏன் தரவில்லை என்ற பட்டியலைக் கேட்கலாம். அமெரிக்க ஃபெடரல் நீதிமன்ற விதிகளும், ரகசியம் என்று தராத ஆவணங்களைப் பற்றி விவரம் தரச் சொல்கின்றன. வழக்கறிஞர் பெயர் இருக்கிறது என்பதற்காகவே ஒரு காகிதம் ரகசியமாகிவிடாது. அவர் அன்று செய்த வேலை என்ன என்பதுதான் கேள்வி.