ருவன்வெல்லையிலிருந்து கித்துல்கல வரை

கேகாலை மாவட்டத்து ருவன்வெல்லையில், குருகொட ஓயா களனி கங்கையோடு கலக்குமிடத்துக்கு அண்மையில், பழைய கோட்டையொன்றின் கல்வாயில் இன்றும் நிற்கின்றது. 1817 என்னும் ஆண்டு அதன்மேற் பொறிக்கப்பட்டுள்ளது. சென்ற மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமையொன்றில், கிழக்கு வெளுக்குமுன், அவ்வாயிலின் அருகே என் துவிச்சக்கரவண்டியைச் சாய்த்து நிறுத்திவிட்டு, சக்கரங்களுக்குக் காற்றுப் போதுமா என்று அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓய்வுபெறச் சில ஆண்டுகளே எஞ்சியுள்ள தமிழாசிரியருக்கு இந்த ஓட்டம் எதற்கு என்று அன்பர்கள் நகைக்கக்கூடும். என் வீட்டிலும் அதனையே கேட்டனர். முப்பதாண்டுகளுக்கு முன், எட்டியாந்தோட்டைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலையொன்றில் முதல் நியமனம் பெற்ற காலத்தில், விடுமுறை நாள்தோறும் நான் சென்று வந்த வழி இது. முழங்கால் இடங்கொடுக்கும்போதே மற்றொருமுறை பார்த்துவிட வேண்டுமென்ற ஆசை, அவ்வளவே.

வழி நெடியதன்று. ருவன்வெல்லையிலிருந்து கரவனெல்லை, எட்டியாந்தோட்டை ஊடாகக் கித்துல்கல வரை ஏறக்குறைய 25 கிலோமீற்றர். ஆனால் இத்துணைச் சிறு தொலைவுக்குள் இத்துணை வரலாறு அடங்கிய வழி இலங்கையில் மிகுதியாக இல்லை. கொழும்பிலிருந்து கண்டி இராச்சியத்தை நோக்கிச் சென்றோர்க்கெல்லாம் ஆறே முதல் வழிகாட்டி. ஒல்லாந்தர் இவ்விடத்திற் கோட்டை கட்டினர். ஆங்கிலேயர் அதனைப் புதுக்கினர். 1814ஆம் ஆண்டிற் சப்பிரகமுவைத் திசாவையாயிருந்த எகலப்பொல அரசனுக்கு மாறாக எழுந்தான். மறு ஆண்டு கண்டிமேற் சென்ற ஆங்கிலப் படைப்பிரிவுகளுள் ஒன்று இவ்வழியே நடந்தது. அப்படையெடுப்பில் முடியிழந்த ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனுக்கு இளமையில் இட்ட பெயர் கண்ணுச்சாமி. அவன் சிறையிருந்து மாண்டது தமிழகத்து வேலூரில், 1832இல். கோட்டைக்குள் இன்று வாடிவீடு இருக்கின்றது. அங்கே தேநீர் அருந்துவோர் இவற்றையெல்லாம் எண்ணுவதில்லை. எண்ண வேண்டுமென்ற கட்டாயமும் இல்லை.

வண்டியில் மெல்லச் செல்வோனுக்கு வாய்க்கும் இன்பங்களுள் ஒன்று ஊர்ப்பெயர்ப் பலகைகளை எழுத்தெழுத்தாகப் படித்தல். பேருந்தில் விரைவோர்க்கு அது கிட்டாது. 'ருவன்' என்பது சிங்களத்தில் இரத்தினம், 'வெல்ல' மணல். மணிமணலூர் என்று நாம் பெயரிட்டிருப்போம். 'கித்துல்' நம் கூந்தற்பனை, 'கல' பாறை. எட்டியாந்தோட்டையில் மட்டும் நம்மவர் சற்று ஏமாந்தனர். அங்குள்ள 'தொட்ட' தோட்டமன்று. ஓடம் வந்தடையுந் துறை. அம்பாந்தோட்டையிலும் அதுவே. ஆயினும், சுற்றிலும் தோட்டங்களே மலிந்த ஊருக்குத் 'தோட்டை' என்ற ஈறு எவ்வளவு இயல்பாகப் பொருந்திவிட்டது! பிழையே ஆயினும் பொருத்தமான பிழை. என் மாணாக்கர்க்கு நான் இதனைத் திருத்திச் சொன்னபோதெல்லாம் அவர்கள் நம்பவில்லை.

கரவனெல்லையைக் கடந்ததும் பொழுது புலர்ந்தது. இருமருங்கும் இறப்பர்க் காடு. மாசியில் இம்மரங்கள் இலையுதிர்த்துச் செந்தளிர் விடும்; காலை வெயில் அத்தளிரினூடே விழும்போது சாலை முழுவதும் செம்பொன் நிறம் பூணும். காண்பவர்க்கு அழகு. ஆனால் அந்நாள்களிற் பால் குறையும், வேலை குறையும், கூலியுங் குறையும். 1876ஆம் ஆண்டில் பிரேசில் நாட்டிலிருந்து இலண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுவரப்பட்ட வித்துகளின் வழித்தோன்றல்கள் இம்மரங்கள். அவ்வாண்டிலேயே நாற்றுகள் இலங்கைக்கு வந்து ஹெனரத்கொடையில் நடப்பட்டன. பால்வெட்டுதல் விடியலிற் செய்யுந் தொழில். வெயிலேறினால் பாலோட்டம் நின்றுவிடும். மழை பெய்தால் சிரட்டையில் நீர் புகுந்து பால் கெடும். நாட்டிலேயே மிகுதியாக மழை பொழியும் இப்பகுதியில் இத்தொழிலை வைத்துக்கொண்டு வாழ்வது எத்தகையது என்பதைக் கணக்கிற் கெட்டிக்காரர் கணக்கிட்டுக்கொள்ளலாம்.

இறப்பரையும் தேயிலையையும் துறைமுகத்திற் சேர்க்கவே களனிவெளிப் புகையிரதப்பாதை போடப்பட்டது. தண்டவாளங்களுக்கிடையே இரண்டரை அடி அகலமேயுள்ள சிறு பாதை. 1902இல் அவிசாவளையை அடைந்தது. பின்னர் ஒரு கிளை எட்டியாந்தோட்டைக்கும், மற்றொரு கிளை 1912இல் இரத்தினபுரிக்கும் நீண்டன. எட்டியாந்தோட்டைக் கிளை 1942இல், போர்க்காலத்தில், மூடப்பட்டது. இவ்வாண்டை வாசகர் சற்று நினைவில் வைத்துக்கொள்க. மீண்டும் அதனிடம் வருவேன்.

எட்டியாந்தோட்டைக் கடைத்தெருவில் இடியப்பமுஞ் சம்பலும் உண்டு, மீண்டும் மிதித்தேன். இதற்கு மேல் வழி உயரும். ஆறு அருகிலேயே உடன்வரும். சில இடங்களிற் கண்ணுக்குத் தெரியும், சில இடங்களிற் காதுக்கு மட்டுமே. அட்டன் பேருந்துகள் வளைவுகளில் ஊதிக்கொண்டு விரைகின்றன. சைக்கிளிற் செல்வோர் ஓரத்தை விட்டு நீங்கலாகாது. இரண்டு ஏற்றங்களில் இறங்கி உருட்டினேன் என்பதை ஒளிக்க வேண்டியதில்லை.

கித்துல்கலவில் என் பழைய மாணவனொருவன் காத்திருந்தான். தோட்டத்து லயத்திற் பிறந்தவன். இப்பொழுது, வெளிநாட்டாரை இறப்பர்ப் படகில் ஏற்றி ஆற்றுச் சுழிகளினூடே செலுத்துந் தொழில் செய்கின்றான். தமிழ்ப் பாடத்தில் நடுத்தரம். ஆற்றுப் பாடத்தில் முதல் வகுப்பு. என்னைக் கரைக்கு அழைத்துச் சென்று, புதருக்குள் கிடந்த சீமெந்துக் கட்டுகளைக் காட்டினான். 'குவாய் நதிப் பாலம்' என்னும் ஆங்கிலப் படத்துக்காக எழுப்பிய பாலத்தின் அடித்தளம் அது. டேவிட் லீன் இயக்கிய அப்படம் 1957இல் வெளிவந்து ஏழு ஆஸ்கார் விருதுகளைப் பெற்றது. மரத்தாற் பெரும்பாலம் கட்டி, அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில் வெடிவைத்துத் தகர்த்தனர்.

"வாரவங்க எல்லாரும் இதத்தான் சேர் கேக்குறாங்க. நானும் படத்துக் கதையத்தான் சொல்றேன். எங்க அம்மாயி அந்தப் பாலம் ஒடையுறப்ப பாத்தவங்க. வாங்க சேர், வீட்டுக்குப் போயிட்டுப் போகலாம்" என்றான்.

லயத்தின் வாசலில் அம்மையார் ஒட்டுப்பால் துணுக்குகளைப் பிரித்துக்கொண்டிருந்தார். எழுபத்தைந்துக்கு மேல் வயதிருக்கும். தேத்தண்ணி வந்தது. கேட்டேன்.

"அப்ப எனக்கு ஏழெட்டு வயசு இருக்குமுங்க ஐயா. லயத்துப் புள்ளைக எல்லாம் ஓடிப்போயி மேட்டுல நின்னோம். கிட்ட விடல. பெரிய சத்தம். கொக்கெல்லாம் கூட்டமா எந்திரிச்சுப் பறந்துச்சு. ஆத்துத் தண்ணி ரொம்ப நேரம் கலங்கிக் கெடந்துச்சு. என்னா பாலம், எதுக்குன்னு யாரு சொன்னா? கட்டுனாங்க, ஒடைச்சாங்க."

அது சயாம் நாட்டுப் பாலமொன்றின் கதை என்று சொல்லத் தொடங்கினேன். 'சயாம்' என்ற சொல்லைக் கேட்டவுடன் அவருடைய கை நின்றது.

"எங்கப்பாரு கூடப்பொறந்தவரு ஒருத்தரு மலாயாவுக்குக் கப்பலேறுனாருங்க. அப்பாரு இங்கிட்டு வந்தாரு. அங்கயும் ரப்பர்த் தோட்டந்தான். சண்டைக்குப் பொறவு கடுதாசியே இல்ல. சயாமுக்குப் புடிச்சிக்கிட்டுப் போயிட்டாங்கன்னு ஊரு ஆளுக சொன்னாங்களாம். எங்கப்பாரு சாகுற வரைக்கும் தெவசம் குடுக்கல. உசுரோட இருந்தாலும் இருப்பாருன்னு."

வரலாற்றை நான் அறிந்த அளவிற் சொன்னேன். யப்பானியர் 1942இல், சயாமையும் பர்மாவையும் இணைக்க 415 கிலோமீற்றர் நீளமான புகையிரதப்பாதையைக் காட்டினூடே போடத் தொடங்கினர். 1943 ஒக்டோபரில் முடித்தனர். அறுபதினாயிரத்துக்கு மேற்பட்ட போர்க்கைதிகள் அதில் உழைத்தனர். பன்னீராயிரத்துக்கு மேற்பட்டோர் மடிந்தனர். படம் அவர்களுடைய கதை. ஆனால் அவர்களினும் பன்மடங்கு தொகையினரான ஆசியத் தொழிலாளர் அங்கே கொண்டுசெல்லப்பட்டனர். மலாயா இறப்பர்த் தோட்டங்களிலிருந்து சென்ற தமிழர் அவருட் பல்லாயிரவர். வாந்திபேதியும் மலேரியாவும் பசியும் அவர்களைக் கொன்றன. போர்க்கைதிகளிடையே மருத்துவர் இருந்தனர், பெயர்ப்பதிவு இருந்தது. காஞ்சனபுரியில் ஏறத்தாழ 7,000 கல்லறைகள் வரிசையாக, பெயரோடு நிற்கின்றன. தமிழருக்குப் பதிவு வைத்தார் எவருமிலர். எனவே எத்தனை பேர் மடிந்தனர் என்பதற்குச் சரியான தொகையும் இல்லை. இங்கே எட்டியாந்தோட்டைக்குப் புகையிரதம் நின்ற அதே ஆண்டில் அங்கே அப்பாதை தொடங்கிற்று. ஒரே ஊரிற் பிறந்த உடன்பிறப்புகளில் ஒருவரை அது கொண்டுபோயிற்று. மற்றவருடைய மகளின் கண்முன், இவ்வாற்றில், அப்பாலத்தின் போலியை எழுப்பித் தகர்த்தனர்.

"அந்தப் படத்துல நம்ம ஆளுக வாராங்களா ஐயா?" என்று கேட்டார்.

"வரவில்லை, அம்மா" என்றேன்.

அவர் தலையசைத்துவிட்டு ஒட்டுப்பாலைப் பிரிக்கத் தொடங்கினார். அழவில்லை. சற்றுக் கழித்து, காஞ்சனபுரியில் 2023ஆம் ஆண்டு தமிழர் பெயரால் நடுகல்லொன்று நாட்டப்பட்டதைச் சொன்னேன். நடுகல் என்ற சொல் அவருக்கு விளங்கவில்லை. பழந்தமிழர் போரில் வீழ்ந்தார்க்கு நாட்டிய கல் என்று விளக்கினேன். "கல்லுல பேரு இருக்குதுங்களா?" என்றார். அதற்கு என்னிடம் விடையில்லை. முப்பதாண்டு புறநானூறு கற்பித்தவன், பெயரில்லாதார்க்கு எழுப்பிய நடுகல்லைப் பற்றி ஒரு கிழவியார் கேட்ட கேள்விக்கு வாய்மூடி இருந்தேன்.

புறப்படும்போது பேரன் வண்டியைப் பிடித்துக்கொண்டான். "சேர், இப்ப சொன்னீங்களே, அதக் கொஞ்சம் எழுதித் தாங்க. ரொம்ப வேணாம், அரைப் பக்கம். படகுல ஏறுறதுக்கு முன்னுக்குச் சொல்றேன். இங்கிலீசுக்கு நான் மாத்திக்கிறேன்."

பள்ளிக் கொப்பியொன்றைத் தேடிக் கொணர்ந்தான். திண்ணையில் அமர்ந்து எழுதினேன். முதலில் எழுதியதைக் கிழித்தேன். அது பண்டிதர் நடையாயிருந்தது. இரண்டாவதை அம்மையாருக்குப் படித்துக் காட்டினேன். ஆண்டுகளையெல்லாம் பேசாமற் கேட்டிருந்துவிட்டு, தம் சிறிய தந்தையின் பெயரையும் அதிற் சேர்க்கச் சொன்னார். சேர்த்தேன்.

பிற்பகல் மூன்று மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. சாலையோரத் தேநீர்க்கடையின் தாழ்வாரத்தில் வண்டியோடு ஒதுங்கி ஐந்து மணிவரை நின்றேன். திரும்பும் வழி பெரும்பாலும் இறக்கம்.