இலக்கமிட்ட படத்தில் முதல் போடலாமா?

பாரிஸிலும் லண்டனிலும் இருக்கும் நமது பிள்ளைகள் சிலர் அண்மைக் காலமாக ஒரு புதுக் கேள்வி கேட்கிறார்கள். சித்திரக்கதை ஓவியரே கையொப்பம் வைத்த லிதோகிராப் படம், உலகம் முழுவதற்கும் 200 பிரதிதான், வாங்கி வைத்தால் விலை ஏறுமாம். கடையில் போடும் முதலில் கொஞ்சத்தை இதில் போடலாமா என்பதுதான் அது. சிறுபிள்ளை விளையாட்டு என்று சிரித்துத் தள்ள முடியாது. டின்டின் கதைகளை வரைந்த ஹெர்ஜே 1936இல் தீட்டிய ஓர் அட்டைப்படம் 2021 ஜனவரியில் பாரிஸில் 32 இலட்சம் யூரோவுக்கு ஏலம் போனது. அச்சிட அதிகச் செலவாகும் என்று பதிப்பகம் அன்று ஒதுக்கிவிட்ட படம் அது! சுப்பர்மேன் முதன்முதலாக வந்த 1938ஆம் ஆண்டு சஞ்சிகையின் விலை 10 சதம். அதன் பிரதியொன்று 2024 ஏப்ரலில் 60 இலட்சம் டொலருக்கு விற்றது.

(உருவப்படம் வைத்திருப்பது பற்றிய மார்க்க விளக்கத்தை ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நான் பார்ப்பது வியாபாரக் கணக்கை மட்டும்.)

முதலில் ஒன்றைப் பிரித்தறிய வேண்டும். மேலே சொன்ன ஹெர்ஜே படம் கையால் தீட்டிய மூலப்படம். உலகில் ஒன்றே ஒன்று. பிள்ளைகளிடம் விற்க வருவது அச்சுப் பிரதி. லிதோகிராப் என்பது வேறொன்றுமில்லை, நம் முன்னோர் கல்லச்சு என்று சொன்னதுதான். நமது பழைய அரபுத்தமிழ் கிதாபுகள் பல கல்லச்சில் பதிக்கப்பட்டவை. ஜேர்மனியில் செனபெல்டர் என்பவர் 1790களின் இறுதியில் கண்டுபிடித்த முறை. வழவழப்பான சுண்ணாம்புக் கல்லில் கொழுப்புள்ள மையால் வரைந்து, கல்லை நனைத்து, மேலே அச்சு மையை உருட்டினால், நனைந்த இடம் மையைத் தள்ளிவிடும், வரைந்த இடம் பிடித்துக்கொள்ளும். எண்ணெயும் தண்ணீரும் சேராது என்ற சமையலறைப் பாடமே முழுத் தொழில்நுட்பமும். ஒரு வர்ணத்துக்கு ஒரு கல். தேவையான பிரதிகளை எடுத்தபின் கல்லைத் தேய்த்து அழித்துவிடுவார்கள். ஓவியர் ஒவ்வொரு தாளின் கீழும் பென்சிலால் கையொப்பமிட்டு 17/200 என்பதுபோல் இலக்கம் போடுவார். 200இல் 17ஆவது என்று பொருள். இதைத் தவிர ஓவியருக்கென்று தனியே சில பிரதிகள் எடுப்பதுண்டு. அவற்றில் இலக்கத்துக்குப் பதிலாக வேறு குறி இருக்கும். ஆகவே 200 என்றால் சரியாக 200 என்று எண்ணிவிடாதீர்கள். விற்பவரிடம் மொத்தம் எத்தனை தாள் வெளியே போயிற்று என்று கேட்க வேண்டும்.

சித்திரக்கதை உலகில் இந்த வியாபாரத்துக்கு நல்ல உதாரணம் கார்ல் பார்க்ஸ். டொனால்ட் வாத்தின் கஞ்ச மாமன் ஸ்க்ரூஜை 1947இல் படைத்தவர் அவர்தான். பல ஆண்டுகள் அவரது பெயரே புத்தகத்தில் வரவில்லை. ஓய்வுபெற்ற பிறகு, டிஸ்னி நிறுவனத்தின் அனுமதியோடு 1971 முதல் வாத்துகளை எண்ணெய் வர்ணத்தில் தீட்டி விற்றார். வாடிக்கையாளர்கள் வரிசையில் நின்றார்கள். யாரோ ஒருவர் அவரது ஓவியமொன்றை அனுமதியின்றி அச்சடித்து விற்க, 1976இல் டிஸ்னி அனுமதியைத் திரும்பப் பெற்றது. கள்ளப் பிரதி ஒருவர் அடித்தார், கிழவரின் பிழைப்பு நின்றது. பின்னர் 1980களில் ‘அனதர் ரெயின்போ’ என்ற பதிப்பகம் முறைப்படி உரிமை பெற்று, அவரைப் புதிதாக வரையவைத்து, அவற்றைக் கையொப்பமும் இலக்கமும் கொண்ட லிதோகிராப்களாக வெளியிட்டது. அப்போது அவருக்கு எண்பது வயது கடந்துவிட்டது. 2000ஆம் ஆண்டு 99 வயதில் காலமானார். அவரது எண்ணெய் ஓவியங்கள் இலட்சக்கணக்கான டொலருக்குப் போயிருக்கின்றன. லிதோகிராப்கள் அந்த உயரத்துக்குப் போகவில்லை, போகவும் மாட்டா.

அந்தப் பார்க்ஸே 1954இல் எழுதிய கதையொன்று இந்த வியாபாரத்தைத் தோலுரித்துக் காட்டுகிறது. ஸ்க்ரூஜ் மாமன் 1916ஆம் ஆண்டுக் கால் டொலர் நாணயங்கள் எல்லாவற்றையும் வாங்கிக் கடலில் கொட்டுகிறான், ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு. உலகில் ஒன்றே இருந்தால் விலை மலைபோல் ஏறும் என்பது அவன் கணக்கு. அந்த ஒன்றும் கெட்டுப்போக, கொட்டியதைத் தேடிக் கடலுக்குள் இறங்க வேண்டி வருகிறது. இலக்கமிட்ட பிரதி என்பதும் அப்படிச் செய்துவைத்த தட்டுப்பாடுதான். “இனி அடிக்க மாட்டோம்” என்று பதிப்பாளர் சொன்ன சொல்லுக்குத்தான் நீங்கள் காசு கொடுக்கிறீர்கள். ஆகவே படத்தைப் பார்ப்பதற்கு முன் சொன்னவர் யார் என்று பாருங்கள்.

தட்டுப்பாடு எவ்வளவு நிலையற்றது என்பதை மன்னார்க்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1905இல் மறிச்சுக்கட்டியில் 8 கோடிக்கு மேல் சிப்பி எடுத்தார்கள். அதைப் பார்த்து, 1906இல் இலண்டன் கம்பனியொன்று முத்துப் பார்களை 20 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது. சில வருடங்களிலேயே சிப்பி இல்லாமல் போய்க் கம்பனியும் மூடப்பட்டது. 1920களில் ஜப்பானின் வளர்ப்பு முத்து சந்தைக்கு வந்ததும் கடல் முத்தின் விலையே விழுந்தது. அருமை என்று நினைத்த பொருளை இன்னொருவர் வேறு வழியில் செய்யத் தொடங்கினால் அவ்வளவுதான்.

இன்றைக்கு அந்த வேறு வழி இங்க்ஜெட் இயந்திரம். லிதோகிராப் என்ற பெயரில் விற்பவற்றில் பல சாதாரண ஓப்செட் அச்சு. ஏமாற்று என்று சொல்ல முடியாது, ஓப்செட்டும் அதே கல்லச்சின் பிள்ளைதான். ஆனால் விலை வேறு. துணிக்கடைக்காரர் இழை எண்ணும் சிறு கண்ணாடியை வைத்துப் பாருங்கள். வரிசையாகப் பூப்போல் அடுக்கிய புள்ளிகள் தெரிந்தால் ஓப்செட். கல்லில் வரைந்ததென்றால் கிறேயன் தேய்த்ததுபோல் ஒழுங்கற்ற மணிமணியான தடம் இருக்கும். கையொப்பமும் படத்தோடு சேர்ந்து அச்சானதா, பென்சிலால் வைத்ததா என்று தாளைச் சாய்த்துப் பாருங்கள். உண்மையான கையொப்பம் என்றாலும் போதாது. 1974இல் பிரான்ஸ் சுங்க அதிகாரிகள் ஒரு லொறியை மறித்தபோது, சல்வடோர் டாலி என்ற பெரிய ஓவியர் கையொப்பம் மட்டும் இட்ட 40,000 வெற்றுத்தாள்கள் அகப்பட்டன. வெற்றுக் காசோலைக்குக் கையொப்பம் வைப்பவரை நாம் என்ன சொல்வோம்?

அடுத்தது விற்பனை. வாங்குவது இலகு. ஏல நிறுவனங்கள் வாங்குபவரிடம் நூற்றுக்கு இருபது, இருபத்தைந்து வரை கூட்டியும் விற்பவரிடம் கழித்தும் எடுக்கும். அஞ்சல், காப்புறுதி, சுங்கம் வேறு. இலங்கையில் இதற்குச் சந்தையே இல்லை. நமது கடற்கரையின் உப்புக் காற்றும் ஈரமும் தாளில் பழுப்புப் புள்ளி விழச் செய்யும், வெயில்பட்டால் வர்ணம் மங்கும், மிச்சத்தை வெள்ளிப்பூச்சி பார்த்துக்கொள்ளும். கெட்ட பிரதிக்குப் பாதி விலைகூடக் கிடையாது. என் கணிப்பில் இன்னுமொன்றும் உண்டு. சித்திரக்கதைப் படத்தை வாங்குபவன் சிறுவயதில் அதை வாசித்தவன். அந்தத் தலைமுறை போனால் கேள்வியும் குறையும். கடை முதலை இதில் போடாதீர்கள் என்பதே என் பதில். ஆசைக்கு ஒன்று வாங்கும் பிள்ளையை மறிக்கவும் வேண்டாம்.

தமிழில் ஓவியர் கையொப்பமிட்ட லிதோகிராப் சந்தை என்று ஒன்று உருவாகவில்லை. ஆனால் சேகரிப்போர் இருக்கிறார்கள். சிவகாசியில் 1972இல் தொடங்கிய முத்து காமிக்ஸ், 1984இல் வந்த லயன் காமிக்ஸ், ராணி காமிக்ஸ் ஆகியவற்றின் பழைய இதழ்களுக்குத் தமிழ்நாட்டில் பெரும் விலை கொடுப்பவர்கள் உண்டு. 2015இல் லயன்-முத்து நிறுவனம் ‘மின்னும் மரணம்’ என்ற தொகுப்பை 1,000 இந்திய ரூபாய்க்கு முன்பதிவு பெற்றே வெளியிட்டது. அச்சடிக்கு முன்பே காசு. நல்ல வியாபார முறை.

முத்து காமிக்ஸ் நமது தீவுக்கும் வந்தது. 1984இல் நின்றுபோன தலைமன்னார்–இராமேஸ்வரம் கப்பலில் போய்வந்தோர் பையில் சாரத்துக்கும் சேலைக்கும் இடையில் இரும்புக்கை மாயாவி இருப்பார். எருக்கலம்பிட்டியிலும் தாராபுரத்திலும் அவற்றை அட்டை போட்டு அடுக்கி வைத்திருந்த பையன்களை எனக்குத் தெரியும். 1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டு, தீவின் மக்கள் வள்ளத்தில் கற்பிட்டிக்குப் போனபோது, உடுத்த துணியும் கையில் பிள்ளையுமாகப் போனார்கள். புத்தகக் கட்டை யார் தூக்குவார்? திரும்பி வந்தபோது பலருக்கு வீட்டின் கூரையே இருக்கவில்லை. இன்றைக்கு ஒரு பழைய இதழுக்கு ஏன் இத்தனை விலை என்று கேட்பவருக்கு இதுவும் ஒரு காரணம். இந்தத் தட்டுப்பாட்டை எந்தப் பதிப்பாளரும் திட்டமிடவில்லை.

அந்த மாயாவி கதைகள் இப்போது மறுபதிப்பாகவும் வந்திருக்கின்றன. சேகரிப்பவர் அதைத் திரும்பியும் பார்க்க மாட்டார், அவருக்கு அந்தப் பழைய தாளே வேண்டும். தாராபுரத்தில் ஒரு நானா நாலைந்து மறுபதிப்பு வாங்கி மேசையில் போட்டிருக்கிறார். பேரப்பிள்ளைகள் எண்ணெய்க் கையோடு புரட்டுகிறார்கள்.