பேரிங்குக்கு அடி உதவாது

பழைய புல்லட் இன்ஜினைப் பிரித்து, கிராங்க் கேஸின் ஒரு பாதியை மேசைமேல் கவிழ்த்தால் உள்ளே இருக்கும் பேரிங் அசையக் கூடாது. சூடு காட்டினால்தான் இறங்க வேண்டும். ஆனால் பல வண்டிகளில் கவிழ்த்த மாத்திரத்தில் ‘டொக்’கென்று கையில் வந்து விழுகிறது. பேரிங் தேய்ந்துவிட்டது என்று புதுசு வாங்கிப் போட்டால் அதுவும் அப்படியேதான் விழும். தேய்ந்தது பேரிங் அல்ல, அது உட்காரும் அலுமினியக் குழி. வெளிவளையம் கெட்டியான எஃகு, குழியோ மெத்தென்ற அலுமினியம். வளையம் வழுக்கிச் சுற்ற ஆரம்பித்தால் இரண்டில் எது தேயும் என்று சொல்லவே வேண்டாம்.

குழி போனால் கேஸையே மாற்றிவிடலாமே என்று தோன்றும். சென்னை புதுப்பேட்டையில் தேடினால் பழைய கேஸ் கிடைக்காமல் போகாது. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. இன்ஜின் நம்பர் அடித்திருப்பது அந்தக் கேஸ்மேல்தான். இன்னொரு வண்டியின் நம்பரோடு ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போய் ஆர்.சி. புத்தகத்தோடு ஒத்துப்போகவில்லை என்று நிற்பதைவிட, இருக்கிற கேஸைச் சரி செய்வதே மேல்.

இது நம் ஊர் வண்டியின் கதையும்கூட. ராணுவம் விரும்பி வாங்கிய 350 சிசி புல்லட்டை இங்கேயே பூட்ட, 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் கைகோத்தன. திருவொற்றியூரில் ஆலை வந்தது. 1962 வாக்கில் எல்லாப் பாகங்களும் இங்கேயே தயாராயின. இங்கிலாந்தில் கம்பெனி 1970 வாக்கில் மூடிப்போன பிறகும், வார்ப்பிரும்புப் போர் கொண்ட அதே பழைய இன்ஜின் சென்னையில் ஏறக்குறைய இன்னும் 40 ஆண்டு ஓடியது. அதனால் ஸ்பேருக்குப் பஞ்சமில்லை, பிரித்துப் பார்க்கத் துணிந்தவர்களுக்கும் பஞ்சமில்லை. இரண்டாவதுதான் வினை. இந்த வண்டிகள் ஓடித் தேய்ந்ததைவிடக் கழற்றித் தேய்ந்ததே அதிகம் என்பது என் எண்ணம். பேரிங்கைச் சுத்தியலால் தட்டி எடுக்கும் ஒவ்வொரு முறையும் எஃகு வளையம் குழியைச் சுரண்டிக்கொண்டே வெளியே வருகிறது. அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான் என்பது இந்த இடத்தில் செல்லாது.

செய்ய வேண்டியது இதுதான். கேஸைச் சீராகச் சூடாக்கி, அதன்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் சுருக்கென்று கொதித்துப் போக வேண்டும். ஏறத்தாழ 110 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே அளவு சூட்டுக்கு அலுமினியம் எஃகைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு விரியும். 62 மில்லிமீட்டர் வெளிவிட்டம் கொண்ட 6305 பேரிங்கை எடுத்துக்கொண்டால், 80 டிகிரி சூடேறும்போது குழி அதைவிட 0.05 மில்லிமீட்டர் கூடுதலாக விரிகிறது. லேத்காரர் கணக்கில் இரண்டு தௌ. பேரிங் தானே இறங்க அது போதும். ஓடும் இன்ஜினிலும் இதேதான் நடக்கிறது. குளிர்ந்திருக்கும்போது கைக்கு இதமாகப் பொருந்தும் பேரிங், பத்து கிலோமீட்டர் ஓடியதும் லூசு. குளிர்ந்திருக்கும்போதே இறுக்கமாக இருந்தால்தான் சூட்டிலும் பிடிக்கும்.

மேல்விஷாரத்துப் பக்கம் தேய்ந்ததைச் சரிக்கட்டும் வித்தை புதிதல்ல. ஆற்காட்டுக்கும் வேலூருக்கும் நடுவே நெடுஞ்சாலையில் இருக்கும் இந்த ஊர் தோல் பதனிடும் ஷாப்புகளால் பிழைக்கிற ஊர். ஈரத்தோலும் தண்ணீரும் நிறைந்த கனமான மர டிரம்கள் இரு பக்கத் தண்டுகளில் தொங்கிச் சுற்றுகின்றன. தண்டு ஆட்டம் கண்டால் டிரம் நிற்கும், டிரம் நின்றால் உள்ளே கிடக்கிற தோல் பாழாகும். ஆகவே தேய்ந்த தண்டும் புஷ்ஷும் இந்த வட்டாரத்து லேத் பட்டறைகளுக்கு அன்றாடச் சோறு. புல்லட் கேஸைத் தூக்கிக்கொண்டு அங்கே போவதில் தப்பில்லை. என்ன கேட்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

“பாய், நாலு புள்ளி குத்திக் குடுங்க, ஓடிடும்” என்று வண்டிக்காரரே கேட்பது வழக்கம். சென்டர் பன்ச் வைத்துக் குழிச் சுவரைச் சுற்றிலும் குத்தினால், ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் உலோகம் கொஞ்சம் எழும்பும். பேரிங் இறுகிவிடும், அன்றைக்கு. பேரிங் உட்கார்ந்திருப்பது சுவரில் அல்ல, அந்த முகடுகளின் நுனியில். நான்கு மாதம் அதிர்ந்தால் அவை நசுங்கிப் போகும். ஒரு பக்கம் பலமாகவும் மறுபக்கம் லேசாகவும் குத்திவிட்டால் தண்டின் மையமே நகர்ந்து பல் சக்கரங்கள் ஊளையிடும். அடுத்து வருகிறவர் கையில் கிடைப்பது பெரிதான குழி.

நிரந்தர வழி ஸ்லீவ். குழியைக் கொஞ்சம் பெரிதாகக் குடைந்து, ஒரு வளையத்தை இறுக்கி இறக்கி, அதைப் பேரிங் அளவுக்கு மறுபடி குடைவது. இதில் நுணுக்கம் ஒன்றே ஒன்றுதான்: மையத்தை எங்கிருந்து எடுப்பது? குழி வட்டமாகத் தேயாது, சுமை விழும் பக்கமாக நீண்டு முட்டை வடிவம் ஆகியிருக்கும். டயல் கேஜை அந்தத் தேய்ந்த சுவரில் வைத்தால் தப்பான மையமே கிடைக்கும். பேரிங் தொடாமல் விட்ட அடி விளிம்பு எங்காவது தேயாமல் மிஞ்சியிருக்கும். அங்கேதான் முள் ஓட வேண்டும். இரண்டு பாதிகளையும் சேர்த்துப் பூட்டிவிட்டு இரு குழிகளும் நேர்கோட்டில் நிற்கின்றனவா என்று பார்க்காத வேலை அரை வேலை.

ஆட்டம் ஓரிரண்டு தௌ மட்டும் என்றால் அவ்வளவு தூரம் போக வேண்டாம். 1950-களில் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில், டிரினிட்டி கல்லூரி வேதியியல் பேராசிரியர் வெர்னான் கிரீபிள் ஒரு திரவத்தை உருவாக்கினார். காற்றுப் பட்டால் திரவமாகவே இருக்கும். காற்றில்லாத இடுக்கில் உலோகத்தைத் தொட்டால் கல்லாகும். அதுதான் லாக்டைட். பாட்டிலில் முழுக்க நிரப்பாமல் காற்றுக்கு இடம் விடுவதும் அதனால்தான். பேரிங் பிடிக்க என்றே தனி ரகங்கள் உண்டு. போல்ட்டுக்கு விற்கும் நீலத்தைத் தடவிவிட்டு ‘பிடிக்கலையே’ என்று வருத்தப்பட வேண்டாம். பல வருட ஆயில் குடித்த அலுமினியத்தைத் தின்னர் போட்டு நன்றாகத் துடைத்து, தடவி, ஒரு நாள் ஆறவிட வேண்டும். குழி கால் மில்லிமீட்டருக்கு மேல் பெருத்திருந்தால் இதை நம்பக் கூடாது. பேரிங் ஒரு பக்கமாகச் சாய்ந்து அப்படியே உறைந்துவிடும்.

குழி சரியாக இருந்து தண்டு தேய்ந்திருந்தால் ஹார்டு குரோம் ஏற்றி அரைக்கலாம். குரோமியத்தின் கசப்பு இந்தப் பக்கத்து மக்களுக்குத் தெரியும். ராணிப்பேட்டையில் 1990-களில் மூடப்பட்ட குரோமேட் ஆலை குவித்துவிட்டுப் போன கழிவே லட்சம் டன்னுக்கு மேல். முலாம் தொட்டியில் இருப்பதும் நச்சு மிகுந்த அதே ஆறிணைதிறன் குரோமியம். மாற்றுத் தண்டு கிடைக்குமானால் நான் அதைத்தான் வாங்குவேன்.

பேரிங்கை விட்டுவிட்டு மரைக்கு வருவோம். பழைய புல்லட்டில் பல இடங்களில் அங்குலக் கணக்கு. கால் அங்குல போல்ட்டில் ஓர் அங்குலத்துக்கு 26 புரி, அதாவது புரிக்குப் புரி 0.977 மில்லிமீட்டர். இன்றைக்கு எந்தக் கடையிலும் கிடைக்கும் 6 மில்லிமீட்டர் போல்ட்டின் புரி இடைவெளி 1 மில்லிமீட்டர். கிட்டத்தட்ட ஒன்றே. அதனால் அது அந்த ஓட்டைக்குள் சமர்த்தாக ஏறும். ஆனால் விட்டம் 0.35 மில்லிமீட்டர் குறைவு. புரிகளின் நுனிதான் பிடித்துக்கொண்டிருக்கும். கவர் ஆயில் கசிகிறதே என்று இன்னும் ஒரு திருகு திருகியதும் அலுமினிய மரை சுருளாக வெளியே வரும். அதற்குமேல் எஃகுச் சுருள் இன்செர்ட் போடுவதுதான் வழி. அதையாவது அங்குல அளவில் கேட்டு வாங்குங்கள்.

கடைசியாக, புல்லட்டின் டேப்பெட். இடைவெளி எத்தனை தௌ என்று கேட்கிறவர்களுக்குப் பதில் பூஜ்யம். இன்ஜின் முழுக்கக் குளிர்ந்திருக்கும்போது, வால்வு மூடிய நிலையில், புஷ் ராடை இரண்டு விரலால் உருட்டினால் சுழல வேண்டும். மேலும் கீழும் ஆடக் கூடாது. சூடேறிப் போரும் ஹெட்டும் உயரும்போது வேண்டிய இடைவெளி தானாகப் பிறக்கும். ஓட்டிவிட்டு வந்த வண்டியில் டப் டப் சத்தத்தைக் கேட்டு உடனே இறுக்கினால், ஆறியதும் வால்வு மூடாது, மறுநாள் காலையில் கிக்கரோடு மல்லுக்கட்ட வேண்டியதுதான்.