வயரா, வைஃபையா? ரூட்டர் எப்படிக் கண்டுபிடிக்கிறது தெரியுமா?

ஒரு லினக்ஸ் ரூட்டர். ஒரு பக்கம் ஈதர்நெட் கேபிள், மறுபக்கம் வைஃபை. இரண்டும் என்ன வகை என்று லினக்ஸின் மையமான கர்னலிடம் கேட்டுப் பாருங்கள். இரண்டுக்கும் ஒரே பதில்: 1. அதாவது, ஈதர்நெட்! காற்றில் போகும் வைஃபையும் கர்னல் கணக்கில் ஈதர்நெட்தான். லூப்பேக்குக்கு 772, பிபிபி இணைப்புக்கு 512 என்று தனி எண்கள் உண்டு; சாதாரணமாக இயங்கும் வைஃபைக்கு அப்படி எதுவும் வருவதில்லை. அதே கார்டை, காற்றில் போவதையெல்லாம் கேட்கும் மானிட்டர் மோடுக்கு மாற்றினால் மட்டும் 803 ஆகிவிடும்!

பிறகு ரூட்டிங் மென்பொருள் எப்படித்தான் பிரித்தறிகிறது? பாரிஸின் யூலியுஷ் ஹ்ரோபோச்செக் உருவாக்கிய பேபல் ரூட்டிங் நிரல் செய்யும் வேலையைப் பாருங்கள். ஒவ்வொரு இன்டர்ஃபேஸிடமும் “உன் வயர்லெஸ் நெறிமுறையின் பெயர் என்ன?” என்று கேட்கிறது. என்ன பெயர் வந்தாலும் அதற்குக் கவலையில்லை. பதில் வந்தால் வைஃபை, பிழை வந்தால் கேபிள். அவ்வளவுதான்!

இந்த ஒரு பதிலில் எவ்வளவு தொங்குகிறது தெரியுமா? கேபிள் என்றால் அந்த இணைப்புக்கு பேபல் போடும் அடிப்படைச் செலவு 96, வைஃபை என்றால் 256. அதைவிட முக்கியம் இது: கேபிளில் ஒரு பக்கம் கேட்ட வழியை அதே பக்கம் திருப்பிச் சொல்லத் தேவையில்லை, எல்லாருக்கும் ஏற்கெனவே கேட்டிருக்கும். வைஃபையில் அப்படியில்லை. நடுவில் இருப்பவருக்கு இருபுறமும் கேட்கும். இரு ஓரங்களில் இருப்பவர்களுக்கோ ஒருவர் குரல் மற்றவருக்கு எட்டாது. நடுவில் இருப்பவர் வாய்மூடி இருந்தால் ஓரத்தில் இருப்பவருக்கு வழியே தெரியாமல் போய்விடும்!

வகை தவறினால் என்ன ஆகும் என்பதற்கு, இன்னொரு ரூட்டிங் நெறிமுறையான ஓஎஸ்பிஎஃப்பின் கதை இன்னும் வியப்பு. ஒரு முனையில் ‘பிராட்காஸ்ட்’, மறுமுனையில் ‘பாயின்ட் டு பாயின்ட்’ என்று வகை மாறியிருந்தாலும் இரண்டு ரூட்டர்களும் ‘ஃபுல்’ நிலைக்கு வந்துவிடலாம். ஆனால் வழிகள் ரூட்டிங் அட்டவணையில் ஏறவே ஏறாது. எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தெரியும், பாக்கெட் மட்டும் போகாது!

பேபலையும் ஏமாற்ற முடியும். பல இன்டர்ஃபேஸ்களை ஒன்றாக இணைக்கும் பிரிட்ஜுக்குள் வைஃபையைச் சேர்த்துவிட்டால், வயர்லெஸ் நெறிமுறையின் பெயரைக் கேட்கும் அந்தக் கேள்விக்கு பிரிட்ஜிடம் பதில் இருக்காது. உடனே அது கேபிள் கணக்கில் போய்விடும். அப்படி ஒரு பிரிட்ஜ் வைத்திருந்தால், அதன் வகையை ‘வயர்லெஸ்’ என்று கான்ஃபிக் கோப்பில் நீங்களே எழுதிவிடுங்கள். கொஞ்சம் கூடுதல் அறிவிப்புகள் போகும், வழி தொலையாது.