முதுகுக்கேற்ற பை

மலாக்கா நகரின் பழைய பகுதி, பினாங்கின் ஜார்ஜ்டவுனோடு சேர்ந்து 2008ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தளமாக அறிவிக்கப்பட்டது. அதை நடந்துதான் பார்க்க வேண்டும். 1753இல் கட்டி முடிக்கப்பட்ட கிறிஸ்து தேவாலயம், செயின்ட் பால் குன்று, ஆற்றைக் கடந்தால் ஜாலான் துக்காங் எமாசில் 1781இல் எழுந்த ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயம், அதற்கும் அப்பால் காஜா பெராங்கில் மலாக்கா செட்டிகளின் கிராமம் என்று பார்க்கவும் படமெடுக்கவும் நிறைய இருக்கின்றன. புகைப்படக் கருவியைச் சுமந்தபடி இவ்வளவையும் ஒரே நாளில் சுற்றும் மாணவருக்கு, மாலையில் முதலில் வலிப்பது தோள்தான்.

சுமையின் அளவு நம் உடலைப் பொறுத்தது. மாணவர் சுமக்கும் பை, உடல் எடையில் 10 முதல் 15 விழுக்காட்டுக்குள் இருப்பது நல்லது என்பது பொதுவான பரிந்துரை. 10 விழுக்காட்டையே எல்லையாகக் கொள்வோம். 45 கிலோகிராம் எடையுள்ள மாணவர் 4.5 கிலோகிராம் சுமக்கலாம். வில்லையோடு கருவி 1 கிலோகிராம். ஒரு லிட்டர் நீருடன் புட்டி 1.2 கிலோகிராம், குடை, உணவு, பவர் பேங்க், குறிப்பேடு ஆகியவை சேர்ந்து இன்னொரு கிலோகிராம். ஆக, 3.2 கிலோகிராம். வெறும் பையே 2 கிலோகிராம் இருந்தால் எல்லை தாண்டிவிடும். 700 கிராம் பை என்றால் 3.9 கிலோகிராமோடு நின்றுவிடும். ஆகவே, கடையில் முதலில் கேட்க வேண்டியது வெறும் பையின் எடை. பலரும் அதைக் கேட்பதில்லை, நிறத்தைத்தான் கேட்கிறார்கள்!

ரப்பர்த் தோட்டங்களில் நம் பாட்டன்மார், தோளில் வைத்த கம்பின் இரு முனைகளிலும் பால் வாளிகளைத் தொங்கவிட்டுச் சுமந்தார்கள். ஒரு வாளியின் எடையை மறு வாளி ஈடுசெய்தது. முதுகுப்பையிலோ சுமை முழுவதும் பின்பக்கம். அதை ஈடுசெய்ய உடல் முன்னால் வளைகிறது. பொருள்கள் முதுகிலிருந்து தள்ளித் தள்ளி இருந்தால் வளைவும் கூடும். எனவே, கனமான கருவியும் நீர்ப்புட்டியும் முதுகை ஒட்டி இருக்க வேண்டும். குடையும் சட்டையும் வெளிப்புறம் இருக்கலாம். தோள்பட்டை வார் அகலமாக இருப்பதும் முக்கியம். அதே எடை குறுகிய வாரில் விழுந்தால் அழுத்தம் கூடும் என்பது அறிவியல் பாடத்தில் படித்ததுதான்.

கொள்ளளவு 20 லிட்டர் போதும். பெரிய பையில் இடம் இருக்கும்வரை கை சும்மா இருக்காது.

கருவிக்கென்றே செய்யப்பட்ட பைகளில் தடித்த மெத்தை இருக்கும், எடையும் அதிகம். சாதாரண நைலான் பையை வாங்கி, அதற்குள் கருவிக்கு மட்டும் மெத்தை உறை ஒன்று வைப்பதே மாணவருக்கு ஏற்றது என்பது என் கருத்து. உறையை எடுத்துவிட்டால் அது பள்ளிக்கும் உதவும். உள்ளே விலையுயர்ந்த பொருள் இருப்பதும் கூட்டத்தில் எளிதில் தெரியாது.

மலாக்காவில் பிற்பகல் மழை எப்போது வரும் என்று சொல்ல முடியாது. கேன்வாஸ் துணி நனைந்தால் இன்னும் கனக்கும். நீர் புகாத பூச்சுள்ள நைலானிலும், தையல் வழியாகவும் ஜிப் வழியாகவும் நீர் கசியும். அதனால் மழையுறை ஒன்று தேவை. வீடு திரும்பியதும் கருவியை ஈரமான பைக்குள்ளேயே விட்டுவிடக்கூடாது. நம் நாட்டு ஈரக் காற்றில் வில்லையின் மேல் பூஞ்சை படரும். மூடி இறுகிய டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைத்தால் பாதுகாப்பாக இருக்கும்.

புறப்படும் முன் வீட்டு எடைக்கருவியில் பையோடு ஒரு முறையும், பையில்லாமல் ஒரு முறையும் ஏறி நில்லுங்கள். இரண்டுக்கும் உள்ள வேறுபாடே உங்கள் சுமை. அது எல்லையை மீறினால் நீர்ப்புட்டியில் கை வைக்காதீர்கள். வீட்டிலேயே விட்டுச் செல்ல வேண்டியது அந்த இரண்டாவது வில்லையைத்தான்.