கோழிக் கொட்டிலில் எதைப் பரப்புவது?

கோழி வளர்க்கத் தொடங்கும் குடும்பங்கள் கூரைக்கும் கம்பி வலைக்கும் காசு தேடி அலைகின்றன. நிலத்தில் பரப்பும் கூளத்தைப் பற்றி யோசிப்பது கடைசி நாளில்தான். நாமும் அப்படித்தான் செய்தோம், அதற்கான விலையையும் கொடுத்தோம்.

கோழி நாள் முழுதும் காலால் கிளறும் பிராணி. கூளம் அதன் காலடியில் மணல் போலச் சரிந்து கொடுத்தால், எச்சம் உள்ளே கலந்து உலர்ந்து மெல்ல மெல்ல உக்கிவிடும். சரிந்து கொடுக்காத கூளம் தட்டுத் தட்டாகக் கட்டிவிடும். அதன் மேல் ஈரம் நிற்கும். அமோனியா நெடி கண்ணைக் கரிக்கும். கோழியின் பாதத்தில் புண் வரும். இரத்தக் கழிச்சலை உண்டாக்கும் கிருமிக்கும் அந்த ஈரந்தான் வேண்டும்.

அப்படியானால் மணலையே போடலாமே என்று கேட்பீர்கள். மணல் நல்லதுதான், ஆனால் சுமை. 10 அடி நீளம், 6 அடி அகலமான கொட்டிலில் 20 கோழிகள் வளர்க்கலாம். அதில் 3 அங்குல உயரத்துக்கு மணல் பரப்ப 650 கிலோவுக்கு மேல் வேண்டும். அதே அளவுக்கு உமி என்றால் சுமார் 40 கிலோ போதும். யூரியாப் பையில் ஆறு ஏழு பை. சைக்கிளில் இரண்டு மூன்று நடையில் கொண்டு வந்துவிடலாம். பிறர் காணியில் கொட்டில் போட்டு, நாளை எங்கே என்று தெரியாமல் இருப்பவர்களுக்கு இது சிறிய விடயமல்ல.

மரத்தூளும் இலேசானதுதான். ஆனால் மருந்தடித்த பலகையின் தூள் கலந்திருக்கலாம். குஞ்சுகள் பொடித் தூளைத் தீனியென்று தின்றும்விடும். தும்புத்தூள் தண்ணீரை நன்றாக உறிஞ்சும், காய்ந்தால் புழுதி. வைக்கோல் வெட்டிப் போட்டாலும் பாய் போலப் படிந்துவிடும்.

எனவே உமி. ஆனால் எல்லா உமியும் ஒன்றல்ல. றபர் உருளை மில்லில் உமி தனியாக, முழுதாக வரும். பழைய இரும்பு உருளை மில்லில் உமியும் தவிடும் ஒன்றாக அரைபட்டுக் கலந்து வரும். மாடு வளர்ப்போர் அதை விரும்பி வாங்குவர். நாம் இலவசமாகக் கிடைக்கிறதே என்று அதைத்தான் அள்ளி வந்தோம். முதல் மாரி மழையின் சாரலிலேயே தவிடு புளித்துப் பூஞ்சணம் பிடித்தது. குஞ்சுகள் வாயைத் திறந்து மூச்சுக்குத் தவித்தன. ஒன்பது குஞ்சுகளைப் புதைத்தோம். கடன் எடுத்து வாங்கிய குஞ்சுகள் அவை.

ஆகவே மில்லிலேயே ஒரு பிடி அள்ளி ஊதிப் பாருங்கள். உள்ளங்கையில் மா ஒட்டினால் வேண்டாம். மணந்தும் பாருங்கள். பூஞ்சண வாடை இருந்தால், வெயிலில் காயப்போட்டுச் சரிசெய்யலாம் என்று எண்ண வேண்டாம்.

பரப்புமுன் நிலத்தை வெளி நிலத்திலும் அரை அடியாவது உயர்த்தி இறுக்குங்கள். குஞ்சுகளுக்கு முதல் இரண்டு மூன்று நாளும் உமியின் மேல் பழைய பத்திரிகை விரித்துத் தீனி போடுங்கள், இல்லையேல் உமியைக் கொத்தும். குப்பி விளக்கால் சூடு கொடுப்பவர்கள் மிகக் கவனம்: காய்ந்த உமியில் தீ வெளியே தெரியாமல் உள்ளே உள்ளேயே பிடிக்கும்.

ஒக்டோபரில் மழை தொடங்கியபின் ஒவ்வொரு காலையும் வெறுங்காலுடன் உள்ளே நடந்து பாருங்கள். கால் புதைந்து உமி விலக வேண்டும். ஒரு பிடியை இறுக்கிக் கையை விரித்தால் உதிர வேண்டும். உருண்டையாக நின்றால் ஈரம் கூடிவிட்டது. அநேகமாகத் தண்ணீர்ப் பாத்திரத்தைச் சுற்றித்தான் இப்படி ஆகும். அந்த இடத்தை மட்டும் அள்ளி எறிந்து புது உமி போடுங்கள். பாத்திரத்தை ஒரு கல்லின் மேல் வைத்தால் சிந்துவது குறையும். மற்ற இடங்களை வாரம் இருமுறை மண்வெட்டியால் புரட்டினால் போதும்.

ஐந்தாறு மாதத்தில் உமி கறுத்துப் பொடியாகும். அதை உடனே பயிருக்குப் போட்டால் வேர் கருகும். நிழலில் குவித்துச் சில வாரம் ஆறவிட்டுக் கத்தரிக்கும் மிளகாய்க்கும் இடலாம். அதற்குள் வேறிடம் போக நேர்ந்தால் பைகளில் கட்டி எடுத்துச் செல்லுங்கள். போகுமிடத்துத் தோட்டத்துக்கு முதல் பசளை அதுவே.